அஞ்சலோட்டத்தில் நால்வரை நிறுத்தும் முறை

ஓட்டப் போட்டிகள் பலவற்றுள்ளும் அஞ்சலோட்டம் ஒரு தனி இயல்புடையது. ஏனைய ஓட்டங்களில் ஓடுபவன் வெல்கிறான்; இதில் வெல்வது கோல். நான்கு கைகள் மாறிச் செல்லும் அச்சிறு கோல் நானூறு மீற்றரை எத்துணை நேரத்திற் கடந்தது என்பதையே கடிகாரம் கணக்கிடுகின்றது. அதனை ஏந்தியவருள் விரைவு மிக்கவர் யாவர் என்று அது கேட்பதில்லை. இவ்வுண்மையை நம்மிற் பலர் அறிவர். ஆயினும் குழுவை நிறுத்தும் நாள் வந்ததும் அதனை மறந்துவிடுகின்றனர். மிக விரைந்து ஓடுபவனைக் கடைசியில் நிறுத்துக. அவனுக்கு அடுத்தவனை முதலில் நிறுத்துக. எஞ்சிய இருவரையும் நடுவே வைத்து மறைத்துக்கொள்க என்பது நம் பாடசாலைகளில் வழிவழி வந்த வாய்பாடு. அவ்வாய்பாட்டின் குறை யாது, அதனினும் நல்ல வழி உளதா என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சி சப்பிரகமுவத் தோட்டப்புறத்தார்க்குப் பெரிதும் வேண்டுவதொன்று. கேகாலை மாவட்டத்தில் எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பகுதிகளிலும், இரத்தினபுரி மாவட்டத்தில் காவத்தை, இறக்குவானை, பலாங்கொடைப் பகுதிகளிலும் உள்ள தோட்டப் பாடசாலைகளை நேரிற் கண்டோர் ஒன்றை உணர்ந்திருப்பர். அங்கே சமதரை அரிது. இறப்பர் மரங்களுக்கும் தேயிலைச் செடிகளுக்கும் இடையே கிடைக்கும் ஒரு துண்டு நிலத்தில், ஒரு சுற்று இருநூறு மீற்றர் வருமாறு சுண்ணாம்புக் கோடிட முடியுமாயின் அதுவே பெரும் பேறு. மாணவர் தொகை சிறிது. ஒரு வயதுப் பிரிவில் ஓடத் தக்கவர் ஐவரோ அறுவரோதான் தேறுவர். நூறு மீற்றர் தனி ஓட்டத்தில் நகரத்துப் பெரிய கல்லூரியின் முதல் ஓட்டக்காரனை இவர்கள் வெல்லுதல் எளிதன்று. ஆனால் அஞ்சலோட்டத்தில் விரைவோடு வேறொன்றும் நிறுத்துப் பார்க்கப்படுகின்றது. அந்த வேறொன்றைக் காசு கொடுத்து வாங்க முடியாது; செயற்கை ஓடுபாதையும் அதனைத் தாராது. ஆதலின் தோட்டப் பாடசாலை ஒன்று வலய மட்டத்தையும் மாகாண மட்டத்தையும் கடந்து செல்ல விரும்புமாயின், அதற்குத் திறந்திருக்கும் கதவுகளுள் இது முதன்மையானது என்பது எனது துணிபு.

இதனை யான் கற்றது ஒரு தோல்வியினால் என்பதை முதலிலேயே கூறிவிடுதல் நன்று. பல ஆண்டுகளுக்கு முன்னர்க் கேகாலை மாவட்டத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் யான் பணியாற்றியபோது, பதினாறு வயதிற்குட்பட்ட ஆண்கள் குழு ஒன்றைப் பயிற்றினேன். அவருள் மிக விரைந்தவனை இரண்டாமவனாக நிறுத்தி மூன்று மாதம் பழக்கியிருந்தேன். போட்டி நாளன்று தோட்டத்து மக்கள் பலர், அரைநாட் சம்பளத்தை இழந்து, லொறி ஒன்றில் ஏறி வந்து மைதானத்தின் ஓரத்தில் நின்றனர். அவருள் முதியவர் ஒருவர் என்னிடம் வந்து, “சேர், நம்ம பையனக் கடைசியில விடுங்க. அவன் வர்றதப் பாக்கத்தான் நாங்க எல்லாம் வந்திருக்கோம்” என்றார். யான் இணங்கினேன். இரண்டாமவனையும் நான்காமவனையும் இடம் மாற்றினேன். இருவரும் இடக்கையாற் கோலை வாங்குபவரே. ஆதலின் கேடொன்றும் நேராது என்று எனக்கு நானே நியாயம் கூறிக்கொண்டேன். அவன் கடைசியாக ஓடினான். எல்லாரையும் முந்தி எல்லைக்கோட்டைக் கடந்தான். லொறியில் வந்தோர் ஆரவாரித்தனர். மூன்றாம் மாற்று வலயத்தின் முடிவில் நின்ற நடுவர் உயர்த்திய சிவப்புக் கொடியை முதலிற் கண்டவன் யானே. கோல் வலயத்திற்கு வெளியே மாறியிருந்தது. அக்குழு அன்று இடம் எதனையும் பெறவில்லை.

அன்று நிகழ்ந்த பிழை ஓடியவனுடையதன்று, நிறுத்தியவனுடையது. அது எவ்வாறு பிழையாயிற்று என்பதை விளக்கினால் அஞ்சலோட்டத்தின் பெரும்பகுதி விளங்கிவிடும்.

ஓடுபாதையின் அமைப்பை முதலில் நோக்குவோம். நானூறு மீற்றர் பாதையின் வளைவுகள் வழக்கமாக 36.5 மீற்றர் ஆரை உடையன. உட்பாதையில் ஒவ்வொரு வளைவும் ஏறத்தாழ 115.6 மீற்றர், ஒவ்வொரு நேர்ப்பகுதியும் 84.4 மீற்றர். ஆகவே முதல்வன் தன் ஓட்டம் முழுவதையும் வளைவிலேயே ஓடுகின்றான். இரண்டாமவன் வளைவின் இறுதியிற் கோலை வாங்கி நேர்ப்பகுதியில் விரைகின்றான். மூன்றாமவனுக்கு மீண்டும் வளைவு. நான்காமவன் வளைவின் கடைக்கூறிற் கோலைப் பெற்று நேரே எல்லையை நோக்குகின்றான். மூன்று மாற்றங்களுள் முதலாவதும் மூன்றாவதும் வளைவிலேயே நிகழ்கின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

அடுத்து, நால்வரும் நூறு நூறு மீற்றர் ஓடுகின்றனர் என்று எண்ணுதல் தவறு. முன்னர் மாற்று வலயம் 20 மீற்றராக இருந்தது. வாங்குபவன் அதற்கு முன்னால் 10 மீற்றர் ஓடி விரைவு கூட்டிக்கொள்ளலாம், ஆனால் அப்பகுதியிற் கோலைத் தொடலாகாது. 2017ஆம் ஆண்டின் இறுதியில் விதி மாற்றப்பட்டு 30 மீற்றரும் வலயமே ஆயிற்று. இப்போதைய விதிப்படி முதல் வலயம் 80ஆம் மீற்றரிற் தொடங்கி 110இல் முடிகின்றது. ஏனைய இரண்டும் இவ்வாறே 180, 280 என்னும் இடங்களிற் தொடங்குகின்றன. கோல் பெரும்பாலும் வலயத்தின் பிற்பகுதியிலேயே மாறும். 105ஆம், 205ஆம், 305ஆம் மீற்றர்களில் மாறுவதாகக் கொள்வோம். முதல்வன் ஓடியது 105 மீற்றர். இரண்டாமவனும் மூன்றாமவனும் கால்களால் ஓடியது ஒவ்வொருவரும் 125 மீற்றர். நான்காமவன் ஓடியது 120 மீற்றர். ஆனால் கோலுடன் அவன் ஓடியது 95 மீற்றரே. எல்லாரினும் குறைந்த தூரம் கோலை ஏந்திச் செல்பவனிடம் எல்லாரினும் விரைந்த கால்களை ஒப்படைப்பது சிக்கனமாகுமா என்பதே கேள்வி.

கைகளின் செய்தி இன்னும் நுண்ணியது. முதல்வன் வலக்கையிற் கோலை ஏந்திப் பாதையின் உட்புறமாக ஓடுகின்றான். ஆதலின் வளைவு அவனுக்குச் சுருங்குகின்றது. இரண்டாமவன் பாதையின் வெளிப்புறமாக நின்று இடக்கையில் வாங்குகின்றான். அவன் இடக்கையாலேயே கொடுக்க, மூன்றாமவன் உட்புறமாக நின்று வலக்கையில் வாங்குகின்றான். நான்காமவனுக்கு மீண்டும் இடக்கை. ஒருவனும் ஓடும்போது கோலைக் கை மாற்றுவதில்லை. மாற்றுதல் நேரக்கேடு, கோல் விழுதற்கும் ஏது. வண்டி மாடுகளை அறிந்தோர் இடத்தன், வலத்தன் என்னும் வேறுபாட்டை அறிவர். இடப்புறம் பழகிய எருதை வலப்புறம் பூட்டினால் வண்டி இழுபடும். அஞ்சலோட்டக்காரரும் அத்தகையரே. மூன்றாமிடத்தில் நிற்பவன் வலக்கை வாங்கியாகவும் இருத்தல் வேண்டும், வளைவுக்கு ஏற்ற உடலினனாகவும் இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் பொருந்தியவன் நால்வருள் பெரும்பாலும் ஒருவனே அமைவான்.

இனி வாங்குதலும் கொடுத்தலும். முதல்வன் வாங்குவதில்லை, கொடுப்பது மட்டுமே அவன் தொழில். நான்காமவன் கொடுப்பதில்லை, வாங்குவது மட்டுமே. நடுவில் நிற்கும் இருவரே இரண்டும் செய்பவர். தூரத்திலும் அவர்க்கே மிகுதி. ஆகவே எஞ்சிய இருவரை மறைத்துவைக்கும் இடமென நாம் கருதிய நடுவிடம் உண்மையிற் குழுவின் முதுகெலும்பு ஆகின்றது. இதை ஒப்புக்கொண்டவுடன் பழைய வாய்பாடு பாதி உடைந்துவிடுகின்றது.

மறு பாதியை உடைப்பது எனது தோல்விக்குக் காரணமான அடையாளக் கோடு. குறுந்தூர அஞ்சலோட்டத்தில் வாங்குபவன் திரும்பிப் பார்த்து வாங்குவதில்லை. தனக்குப் பின்னே பாத அளவால் அளந்து ஓர் அடையாளம் இடுகின்றான். வருபவன் அதனைக் கடக்கும் கணத்திற் புறப்படுகின்றான். பின்பு குரல் கேட்டதும் கையை நீட்டுகின்றான். செயற்கைப் பாதையில் 5 செந்திமீற்றர் அகலமும் 40 செந்திமீற்றர் நீளமும் மிகாத ஒட்டு நாடா ஒன்றை இதற்கு இடலாம். புற்றரையில் நிலத்தைக் கீறிக்கொள்ளலாம். அவ்வடையாளம் எவ்வளவு தூரத்தில் அமைதல் வேண்டும் என்பது ஒரு சிறு கணக்கு. வாங்குபவன் நின்ற நிலையிலிருந்து 22 மீற்றர் ஓட 3.4 செக்கன் கொள்கின்றான் என்று வைப்போம். வருபவன் செக்கனுக்கு 8.5 மீற்றர் விரைவினன் எனின் அந்நேரத்தில் அவன் ஏறத்தாழ 29 மீற்றர் கடப்பான். இருவர் கையும் நீண்டிருக்கும்போது இடைவெளி ஒரு மீற்றர். ஆகவே அடையாளம் வாங்குபவனுக்குப் பின்னே ஏறத்தாழ 8 மீற்றரில் அமையும். 27 செந்திமீற்றர் நீளமுள்ள பாதத்தால் அளந்தால் 29 பாதம். வருபவன் சற்றுக் களைத்துச் செக்கனுக்கு 8 மீற்றரே ஓடுபவன் எனின் அதே கணக்கு 6.2 மீற்றர், அதாவது 23 பாதம் என்று முடிகின்றது. விரைவில் அரை மீற்றர் வேறுபாடு. அடையாளத்தில் ஆறு பாதம் வேறுபாடு!

எனது மாணவன் இரண்டாமிடத்தில் நின்று, புத்துணர்வோடு வரும் முதல்வனுக்காக அளந்து பழகிய பாதக் கணக்கையே, வளைவு முழுதும் ஓடிக் களைத்து வரும் மூன்றாமவனுக்கும் வைத்துக்கொண்டான். மாற்றச் சொல்ல யான் மறந்தேன். அவன் புறப்பட்டது முன்னதாகப் போயிற்று. அதன்பின் அவனுடைய விரைவு வருபவனின் விரைவை மிஞ்சிவிட்டது. மிஞ்சியபின் இடைவெளி குறைதல் எங்ஙனம்? அவன் விரைவைத் தணித்துக் காத்து நின்றபோது வலயக் கோடு கடந்துவிட்டது. இதனால் விளங்குவது யாதெனின், அடையாளம் ஓர் ஓட்டக்காரனுக்கு உரியதன்று, ஓர் இணைக்கு உரியது. ஒருவனை இடம் மாற்றினால் குறைந்தது இரண்டு இணைகள் கலைகின்றன. யான் செய்தவாறு இரண்டாமவனையும் நான்காமவனையும் மாற்றினால் மூன்று இணைகளும் கலைகின்றன. எஞ்சுவது நான்கு நல்ல பிள்ளைகள், குழு இல்லை.

உலக மேடையில் இப்பிழையைச் செய்தவர் பட்டியலைப் பார்த்தால் எனக்கு ஓரளவு ஆறுதல் பிறக்கின்றது. இவ்வோட்டம் ஒலிம்பிக்கிற் சேர்க்கப்பட்டது 1912இல், ஸ்டொக்ஹோமில். அவ்வாண்டிலேயே அமெரிக்கக் குழு அரையிறுதியிலும் ஜேர்மனியக் குழு இறுதியிலும் கோல் மாற்றப் பிழையாற் தகுதி நீக்கப்பட்டன. 1936இல் பேர்ளினில் ஜேர்மனியப் பெண்கள் தெளிவாக முன்னணியில் இருந்து, கடைசி மாற்றத்திற் கோலை நழுவவிட்டனர். 1960இல் உரோமில் அமெரிக்க ஆண்கள் தகுதி இழந்தனர். ஜேர்மனி தங்கம் பெற்றது. 1988, 2008, 2016, 2024 என அமெரிக்கக் குழுவின் இடறல் தொடர்கின்றது. உலகின் மிக விரைந்த கால்கள் மிகுதியாக உள்ள நாடு அது என்பதை நோக்கினால், விரைவு ஒன்றே போதாது என்பதற்கு வேறு சான்று தேடவேண்டுவதில்லை.

எதிர்ப்புறச் சான்று ஜப்பான். 2016இல் ரியோவில் வெள்ளி வென்ற அவர்களுடைய நால்வருள் ஒருவரேனும் அதுவரை நூறு மீற்றரைப் பத்துச் செக்கனுக்குள் ஓடியவரல்லர். அவர்தம் தனி ஓட்ட நேரங்களைக் கூட்டினால் நாற்பது செக்கனுக்கு மேலாகும். கோல் கடந்தது 37.60 செக்கனில். அசையும் நிலையில் ஓட்டத்தைத் தொடங்குவதால் எந்தக் குழுவுக்கும் நேரம் மிஞ்சவே செய்யும். 2012இல் இலண்டனில் ஜமேக்காவின் நால்வர் 36.84 செக்கனில் உலக சாதனை படைத்தபோது அவர்தம் தனி நேரங்களின் கூட்டுத்தொகை ஏறத்தாழ 39 செக்கன், மிஞ்சியது 2.1 செக்கன் அளவே. ஜப்பானியர் மிஞ்சவைத்தது 2.4 செக்கனுக்கும் மேல். கோலைக் கீழிருந்து மேலாகத் தரும் பழைய முறையைச் செம்மைசெய்து, நான்கு பேரும் இணை இணையாகப் பழகியதன் பயன் அது. ஆனால் அதே ஜப்பான் 2021இல் தன் சொந்தத் தலைநகரில் நடந்த இறுதிப் போட்டியில் முதல் மாற்றத்திலேயே கோலை ஒப்படைக்க முடியாது நின்றுவிட்டது. பழக்கமும் காப்பு ஓலையன்று.

மிக விரைந்தவனை எங்கே நிறுத்துவது என்பதற்கு ஒலிம்பிக் வரலாறு ஒரே விடை தரவில்லை. 1936இல் ஜெசி ஓவென்ஸ் முதலில் ஓடினார், நூறு மீற்றரில் அவருக்கு அடுத்து வந்த ரால்ப் மெட்காப் இரண்டாவதாக ஓடினார், கோல் 39.8 செக்கனில் எல்லையை அடைந்து உலக சாதனை ஆயிற்று. 1948இல் பனி பிளாங்கர்ஸ் கோன் என்னும் ஒல்லாந்துப் பெண்மணியும், 1964இல் தோக்கியோவில் அமெரிக்கரான பொப் ஹேய்சும் கடைசியாக ஓடிப் பின்தங்கிய குழுவை வெற்றிக்குக் கொணர்ந்தனர். நம் ஆசிரியர் பலர் உள்ளத்தில் நிற்பவை இவ்விரு காட்சிகளே போலும். உசைன் போல்ட் 2008இல் பெய்ஜிங்கில் மூன்றாவதாக வளைவில் ஓடினார். 2012இல் கடைசியாக ஓடினார். (பெய்ஜிங்கில் ஜமேக்கா வென்ற தங்கம் பின்னர் 2017இற் பறிக்கப்பட்டது, நால்வருள் ஒருவர் தடைசெய்யப்பட்ட மருந்து உட்கொண்டமை மறுசோதனையில் வெளிப்பட்டமையே காரணம். ஒருவர் பிழை நால்வர் பதக்கத்தையும் கொண்டுபோயிற்று.) 2021இல் நூறு மீற்றர் வெற்றியாளரான இத்தாலியர் மார்செல் ஜேக்கப்ஸ் தம் குழுவில் இரண்டாவதாக ஓடினார், இத்தாலி 37.50 செக்கனில் தங்கம் பெற்றது. மூன்றாண்டு கழித்துப் பாரிசில் கனடாவும் அதே 37.50 செக்கனில் வென்றது. அந்நால்வருள் எவரும் அவ்வாண்டு நூறு மீற்றர் இறுதி ஓட்டத்திற்குத் தேறியவரல்லர்.

முதல், இரண்டு, மூன்று, நான்கு என எல்லா இடங்களிலும் பெரு விரைவினர் நின்று வென்றிருக்கின்றனர். எனவே இடத்துக்கு என ஒரு மாறாத சிறப்பு இல்லை; அவ்விடத்தில் நிற்பவனுக்கு முன்னும் பின்னும் யார் என்பதே பொருள். வளைவுக்குக் குட்டையானவனே ஏற்றவன் என்று பயிற்சி நூல்கள் கூறும். 1.95 மீற்றர் உயரமுடைய போல்ட் வளைவில் ஓடியதைக் கண்டபின் அச்சூத்திரத்தை யான் அடிக்கோடிட்டுப் படிப்பதில்லை.

நம் சப்பிரகமுவ மண்ணிலேயே வளைவு ஓட்டத்தின் பேராற்றலுக்கு ஒருவர் உளர். கேகாலை மாவட்டத்து வறக்காப்பொலைப் பகுதியிற் பிறந்த சுசந்திகா ஜயசிங்க 1997இல் ஏதென்சு உலகப் போட்டியில் 200 மீற்றரில் வெள்ளி வென்றார். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் அதே தூரத்தை 22.28 செக்கனில் ஓடி வெண்கலம் பெற்றார். முதலிடம் பெற்றவர் பின்னர்த் தகுதி இழக்கவே அது வெள்ளியாக உயர்ந்தது. அவர் புகழ் தனி ஓட்டத்தின் புகழ். அத்தகைய ஒருவரைத் தோட்டப் பாடசாலை ஆசிரியன் தன் வாழ்நாளில் ஒருமுறை காண்பதே அரிது. நல்ல அளவான நால்வரை ஆண்டுதோறும் காணலாம்.

அந்நால்வரை நிறுத்துவது எப்படி? திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்துவினையாடல் என்று ஓர் அதிகாரம் உண்டு. அரசன் ஏவலாளரை ஆராய்ந்து அவரவர்க்குரிய வினையில் அமர்த்தும் திறம் அதன் பொருள். பண்டைப் படைவகுப்பிலும் முற்செல்வோரைத் தூசி என்றும் பிற்காப்போரைக் கூழை என்றும் வேறுபடுத்தினர்; தூசிக்கு ஏற்றவன் கூழைக்கு ஏலான். நமது படை நால்வரே ஆதலின் கணக்கு எளிது. நால்வரை வரிசைப்படுத்தும் வழிகள் இருபத்துநான்கு. இவை அனைத்தையும் ஓட்டிப் பார்க்கவேண்டுவதில்லை. வெடியொலிக்கு அமைதியாகக் காத்திருந்து உடனே புறப்படுபவன் எவன் என்பதை ஒரு வாரத்திற் கண்டுகொள்ளலாம். பதற்றத்தில் முந்திப் புறப்படுபவன் எவ்வளவு விரைந்தவனாயினும் முதலிடத்திற்கு ஆகான். இன்றைய விதி அவனுக்கு இரண்டாம் வாய்ப்புத் தருவதில்லை. முதல்வன் உறுதியானால் எஞ்சும் வழிகள் ஆறு. வலக்கையில் வாங்கி வளைவில் ஓடத் தக்கவன் உறுதியானால் எஞ்சுவன இரண்டே. அவ்விரண்டையும் இரு கிழமைக்கு மாறி மாறி ஓட்டிப் பார்த்தல் வேண்டும்.

பார்க்கும்போது கடிகாரத்தை ஓட்டக்காரன் மேல் வைக்காது கோலின் மேல் வைத்தல் வேண்டும். வலயத்தின் தொடக்கக் கோட்டைக் கோல் கடக்கையில் கடிகாரத்தை அழுத்தி, இறுதிக் கோட்டைக் கடக்கையில் நிறுத்துக. முப்பது மீற்றருக்கான அவ்வெண்ணே அவ்விணையின் தகுதி. தனித்தோடுகையில் மூன்றாவதாக வருபவன், தன் நண்பனிடம் கோல் வாங்குகையில் முதலாவதாக வருவதை யான் பன்முறை கண்டதுண்டு. ஒரே லயத்தில் அடுத்தடுத்த அறைகளில் வளர்ந்து, ஒருவன் மூச்சை மற்றவன் அறிந்த இரு சிறுவர், திரும்பிப் பாராமலே கை நீட்டுவர். பகை கொண்ட இருவரை அடுத்தடுத்து நிறுத்தலாகாது என்று எந்தப் பயிற்சி நூலிலும் யான் படித்ததில்லை. ஆயினும் அதனை விதியாகவே கொள்கின்றேன்.

எஞ்சும் இருவருள் எவன் இரண்டாமவன், எவன் நான்காமவன்? கொடுக்கவும் வாங்கவும் தெரிந்து, 125 மீற்றரிலும் தளராதவன் இரண்டாமவன். கொடுப்பதிற் குறையுடையவனாயினும், அருகில் ஒருவன் ஓடிவரும்போது தோள் இறுகாமல் ஓட வல்லவன் நான்காமவன். விரைவு மிக்கவன் இவ்விருவருள் எவனும் ஆகலாம். அவன் நான்காமிடத்தையே விரும்புவான். ஆரவாரம் அங்கேதான் உண்டு. அவனுக்கு இக்கணக்கை விளக்கிச் சொல்லுதல் ஆசிரியன் கடன். விளக்கினால் பிள்ளைகள் ஏற்றுக்கொள்வர். விளங்காதவர் பெரும்பாலும் மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் பெரியோரே.

நம் மைதானங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இருநூறு மீற்றர் சுற்றில் ஒவ்வொருவனும் அரைச்சுற்று ஓடுகின்றான்; ஆகவே ஒவ்வொருவனுக்கும் ஒரு வளைவும் ஒரு நேர்ப்பகுதியும் வாய்க்கின்றன. அங்கே வளைவுக்காரன், நேர்க்காரன் என்ற பாகுபாடு மறைந்துவிடும். பாடசாலைப் போட்டியில் நன்றாக ஓடிய வரிசை மாகாணப் போட்டியின் நானூறு மீற்றர் பாதையிற் குலைவதற்கு இது ஒரு காரணம். கயிறு ஒன்றை 36.5 மீற்றருக்கு அளந்து, நடுவில் முளை அடித்து, கிடைக்கும் நிலத்தில் வட்டத்தின் காற்கூறையேனும் வரைந்துகொண்டால் மூன்றாமவன் உண்மை வளைவை அறிந்து செல்வான். மலைச்சரிவில் நாள்தோறும் ஏறி இறங்கும் பிள்ளைக்கு இவை வேண்டா, இயல்பாகவே கால் உரம் உண்டு என்பார் சிலர். உரம் உண்டு என்பது மெய். ஏறும் கால் வேறு, பறக்கும் கால் வேறு.

மழையையும் மறத்தலாகாது. இல்ல விளையாட்டுப் போட்டிகள் முதலாம் தவணையில் நடைபெறுவன. மேல்மட்டப் போட்டிகள் மழைக்காலத்திலும் வந்து சேரும். மார்ச்சு, ஏப்பிரல் மாதங்களில் இரத்தினபுரிப் பக்கத்தில் பிற்பகல் இடி மழை வழக்கமானது. ஈரக் கோல் வழுக்கும். கையுறை அணிய விதி இடந்தராது. ஒவ்வொருவனும் காற்சட்டைப் பையில் உலர்ந்த துணித்துண்டு ஒன்று வைத்திருத்தல் நன்று. அடையாளத்தையும் இரண்டொரு பாதம் குறைத்துக்கொள்ளல் வேண்டும், ஈரப் புற்றரையில் வருபவன் விரைவு தளரும் ஆதலின். கோல் விழுமாயின் விழவிட்டவனே அதனை எடுத்தல் வேண்டும் என்ற விதியையும் பலமுறை சொல்லி வைக்க. அச்சத்தில் மற்றவன் குனிந்து எடுத்துவிடுதல் இயல்பு.

இன்னும் ஒருவனைப் பற்றிக் கூறவேண்டும், அவன் ஐந்தாமவன். 1936இல் பேர்ளினில் மார்ட்டி கிளிக்மன், சாம் ஸ்டோலர் என்னும் இருவர் அஞ்சலோட்டத்திற்கெனவே பயிற்றப்பட்டு, போட்டி நாளன்று காலையில் நீக்கப்பட்டனர். அவ்விடங்களில் ஓவென்சும் மெட்காப்பும் ஓடினர். நீக்கப்பட்ட இருவரும் யூதர். அமெரிக்கா பெருவெற்றி பெற்றது. ஆயினும் அந்நீக்கம் இன்றளவும் பேசப்படுகின்றது. வென்ற குழுவின் கதையிலும் வெளியே நின்றவர்க்கு இடம் உண்டு. தோட்டப் பாடசாலையிலோ ஐந்தாமவன் வேறொரு காரணத்தாலும் இன்றியமையாதவன். தாய் நோயுற்றால் தம்பி தங்கையரைக் காக்க ஒருவன் வீட்டில் நின்றுவிடுவான். குடும்பம் வேறு தோட்டத்திற்குப் பெயர்ந்தால் ஒரு கிழமைக்குள் ஒருவன் இல்லாமற் போவான். ஆகவே ஐந்தாமவன் இடக்கையும் வலக்கையும் பழகியவனாய், மூன்று வலயங்களின் பாதக் கணக்கையும் தன் கொப்பியில் எழுதி வைத்தவனாய் இருத்தல் வேண்டும். யான் அறிந்த மிகச் சிறந்த ஐந்தாமவன் ஒருவன் ஈராண்டுகள் ஒரு போட்டியிலும் ஓடவில்லை. எல்லாருடைய அடையாளங்களையும் அவனே அளந்து கொடுத்தான்.

அத்தோல்விக்கு அடுத்த ஆண்டு யான் வரிசையை மாற்றவில்லை. விரைந்தவன் இரண்டாமிடத்திலேயே ஓடினான். வலயப் போட்டியில் எங்கள் குழு இரண்டாவதாக வந்தது. முதலாவதாக வந்த நகரப் பாடசாலையின் நால்வரும் தனித்தனியே எங்கள் நால்வரினும் விரைந்தவர். லொறி அவ்வாண்டு வரவில்லை. கொழுந்து மிகுந்த காலம் அது. முதியவர் மட்டும் பஸ்ஸில் வந்திருந்தார். ஓட்டம் முடிந்ததும், “இரண்டாவதா ஓடுனவன் நம்ம பையன்தானே சேர்? அவன் ஓடயிலதான் நாம முன்னுக்கு வந்தோம்” என்றார்.

பயிற்சிக்கு நிலமும் நேரமும் இல்லையே என்போர்க்கு எங்கள் வழக்கம் ஒன்றைக் கூறி முடிக்கின்றேன். விதிப்படி கோல் 28 முதல் 30 செந்திமீற்றர் நீளமும், 12 முதல் 13 செந்திமீற்றர் சுற்றளவும், 50 கிராமிற் குறையாத எடையும் உடைய, வழுவழுப்பான உட்டுளைக் குழல். பழகுதற்கு அவ்வளவில் வெட்டி வழித்த மூங்கிற்றுண்டு போதும். பாடசாலை விட்டதும் ஐவரும் ஒருவர் பின் ஒருவராகத் தோட்டப் பாதையில் இறங்குவர். கடைசியில் வருபவன் குரல் கொடுத்துக் கோலை முன்னவன் கையில் வைப்பான். அவன் தனக்கு முன்னவனுக்கு. இவ்வாறு முதல்வனை அடைந்ததும் அவன் கோலோடு ஒதுங்கி நின்று, வரிசை கடந்தபின் கடைசியிற் சேர்ந்துகொள்வான். ஒருவரும் திரும்பிப் பார்த்தல் கூடாது. பாடசாலைப் படலையிலிருந்து லயத்து வாசல்வரை ஒன்றரைக் கிலோமீற்றர் தூரம். நாளொன்றுக்கு ஏறத்தாழ இருநூறு மாற்றங்கள் ஆகும்.